இரண்டாவது வில்லை

எண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை.

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் நான் கறிவேப்பிலை வாங்கும் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் புதிதாக ஒரு தோசைக்கடை முளைத்திருக்கிறது. சாயங்காலமானால் அங்கே அகலக் கல்லில் எண்ணெயும் பூண்டும் ஒன்றையொன்று சீண்ட ஆரம்பித்துவிடும். அந்த வாசனை கடையோடு நிற்காது. ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து, பூக்காரரின் ரஜனிகந்தாவை, நம் சம்பங்கியை, முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, நேராக என்னிடம் வந்து நிற்கும்.

மற்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்குச் சிரிப்பு வரும். ஒரு கோடை முழுக்க என் மனைவியின் மூச்சில் இருந்த வாசனை அது.

கோமதி இதைப் படிப்பாள். படித்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லியாச்சா என்பாள். சொல்லியாச்சு, கோமதி. போன வாரம் இந்தப் பத்தியில் கிடர்பூர் மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதே இந்த வாசனை வந்து கதவைத் தட்டியது. ஈரத்தோடு உள்ளே வராதே என்று வெளியிலேயே நிறுத்திவைத்தேன். இந்த வாரம் வரட்டும்.

பூண்டு வாங்காத வீடு

எங்கள் வீட்டில் பூண்டு வாங்குவதில்லை. ஆசாரம் என்று எதுவும் இல்லை. அம்மாவுக்கு அந்த வாசனை ஆகாது, தலைவலி வந்துவிடும். அவ்வளவுதான். அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் பாங்க் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, மார்க்கெட்டில் பூண்டுக் கூடையைக் கண்டால் அந்தக் கோடை வரை முகத்தைத் திருப்பிக்கொள்வார், பக்கத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் ஒரு கோடைக்காலம் கோமதி தினமும் பூண்டு மணக்க நுழைந்தாள்.

அவளுக்கு வேலை நியூ டவுனில், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். வெப்பத்தை நேராக மின்சாரமாக மாற்றும் பொருள்களைச் செய்வதும், செய்ததன் திறனைக் கூட்டுவதும் வேலை. ஜெர்மானியம், டெல்லூரியம், சிட்டிகை பிஸ்மத் என்று நகைக்கடைக்காரர்போல நிறுத்து எடுப்பாள். கண்ணாடி மாதிரி இருக்கும் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை அடைத்து, உலையில் வைத்து உருக்குவாள். கூடத்தில் எல்லோரும் ஃபர்னஸ் என்பார்கள். கோமதிக்கு அது அடுப்பு. திருநெல்வேலிக்காரிக்குச் சூடாக இருக்கிற எதுவும் அடுப்புதான்.

இதில் டெல்லூரியம் கொஞ்சம் குறும்பான சாமான். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்து, அதன் தூசி துளி உடம்புக்குள் போனால் போதும். உடம்பு அதை மூச்சு வழியாக வெளியே அனுப்பும். அச்சு அசல் பூண்டு வாசனையோடு. பல் தேய்த்தாலும் போகாது, ஏலக்காய் மென்றாலும் போகாது, வாரக்கணக்கில் தங்கும்.

கையுறைகளை எல்லாம் மாற்றினார்கள். டாக்டர் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வாசனை மட்டும் வாடகைக்கு வந்ததுபோல இருந்துவிட்டது. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை. கால் நீட்ட வசதி என்றாள்.

அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு தேர்ச்சி உண்டு. மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேப்பர் சற்றுத் தாழும். மூக்கு ஒருமுறை அசையும். பேப்பர் மறுபடி உயரும். நாள் தவறாமல் இது நடந்தது. மாமியாரின் நினைவாக வைத்திருக்கும் ஒன்றைத் தான் மிதிப்பதாக மாமா நினைக்கிறாரே என்று கோமதிக்குச் சோறு இறங்கவில்லை. டெல்லூரியம் என்று ஆரம்பித்தால், சரிம்மா சரிம்மா என்று பேப்பருக்குள் போய்விடுவார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவரே தாளாமல் வாயைத் திறந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"யம்மா கோமதி, தெனமும் எங்கயோ போய் நல்லாத் தின்னுட்டு வார. கெழவனுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போவோம்னு ஒரு நாளாவது தோணுச்சா ஒனக்கு?"

எத்தனை வருஷத்து ஆசை அது. அம்மாவுக்காக விட்டவர். அம்மா போன பிறகு, இனி யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் அப்படியே இருந்துவிட்டவர். கோமதி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உலை, குழாய், கையுறை ஓட்டை எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, அப்போ சாப்பிடுகிற சாமான் ஒன்றுமே கிடையாதா என்றார், மெய்யான ஏமாற்றத்தோடு.

ஆனால் அன்றிலிருந்து அவர் அந்த ஆராய்ச்சியின் கட்சியில் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் அவள் வந்ததும் முதல் கேள்வி, இன்னைக்கு அடுப்புல என்ன என்பதுதான்.

கரியாஹாட் நடைபாதை

எனக்கு விஞ்ஞானம் ஓடாது. பகலெல்லாம் கிடர்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் இறக்குமதிக் காகிதங்களோடு இருக்கிறேன். மிச்ச நேரத்தில் இப்படி எதையாவது எழுதுகிறேன். எனக்கு விளங்கட்டும் என்று கோமதி ஒருமுறை துர்கா பூஜை நேரத்துக் கரியாஹாட் நடைபாதையில், புடவை வாங்கப் போன இடத்தில், நின்றபடியே பாடம் எடுத்தாள்.

ஒரு துண்டின் ஒரு முனையைச் சூடாக்கி, மறு முனையைக் குளிர்ச்சியாக வைத்தால், சில பொருள்களில் மின்சாரம் கிளம்பும். இரண்டு முனைக்கும் வித்தியாசம் இருக்கிறவரை கிளம்பும். தொல்லை என்னவென்றால், மின்சாரத்துக்கு நன்றாக வழிவிடும் பொருள் வெப்பத்துக்கும் வழிவிட்டுவிடும். வெப்பம் ஓடிப்போய் மறு முனையைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒரே சூடு. வித்தியாசம் தீர்ந்தது, மின்சாரமும் தீர்ந்தது. ஆகவே மின்சாரத்தை விட வேண்டும், வெப்பத்தை மட்டும் மறிக்க வேண்டும். இரண்டையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதற்குப் பொருளுக்குப் பொருள் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிடத்தான் உலகத்தில் எங்கெங்கோ கோமதிகள் உலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணப் பாருங்க" என்றாள். ஒல்லியான கல்லூரிப் பெண் ஒருத்தி, வளையல் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் உடம்பை ஒடித்து வழுக்கிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பெரியம்மா, பிள்ளைகள், எல்லோர் கையிலும் பை, எல்லோரும் கைகோத்து. ஒவ்வொரு கடையிலும் முட்டி, நின்று, திரும்பி, மறுபடி முட்டி.

"அவதான் மின்சாரம். இந்தக் கும்பல்தான் வெப்பம். நான் செய்ய வேண்டியதெல்லாம் நடைபாதையில கட போடுததுதான். எந்த எடத்துல போடணும், எவ்வளவு நெருக்கிப் போடணும்னுதான் தெரியணும்."

அன்றைக்குப் புடவை வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கண் கெட்டுப்போயிற்று. துறைமுகத்து லாரிகளின் புகைக்குழாயைப் பார்க்கிறேன், பாய்லரைப் பார்க்கிறேன், கப்பலின் புகைபோக்கியைப் பார்க்கிறேன். எத்தனை சூடு, கேட்பாரில்லாமல் வானத்துக்குப் போகிறது. ஹூக்ளியின் மேல் அந்தக் காற்று நெளியும்போதெல்லாம் யாரோ வெளிச்சத்தைக் கைநிறைய அள்ளி ஆற்றில் கொட்டுவதுபோல இருக்கிறது. அதில் ஒரு கைப்பிடியாவது திரும்பி வந்தால் ஒரு சந்தில் விளக்கெரியும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அப்பாவும் இப்போது பெருமூச்சு விடுகிறார். அதுவும் வீணாய்ப் போகுதே என்று.

ஒன்று வந்தால்

பூண்டு வாசனை போன கையோடு மழைக்காலம் முடிகிற சமயம். கோமதி ஒரு குழாயை உருக்கி, பிறகு உலையில் ஒரே சூட்டில் நாள்கணக்கில் வேகும்படி வைத்துவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனாள். திரும்பி வந்து பார்த்தபோது உலையின் முகப்பில் அவள் வைத்துவிட்டுப் போன அதே எண் எரிந்துகொண்டிருந்தது. குழாயை எடுத்து உடைத்து, பொடியாக்கி, அழுத்தி, பழைய எட்டணாவைப் போல ஒரு வில்லை செய்தாள். கறுப்பாக, லேசான மினுக்கோடு, பார்த்தால் ஒரு விசேஷமும் இல்லாத வில்லை.

அளந்தபோது எண் ஏறிற்று. அவள் அதுவரை கண்ட எதையும்விட ஏறிற்று. கிடர்பூரில் கிரேன் இரைச்சலுக்கு நடுவே ஃபோனை எடுத்தேன். ஏறுதுங்க என்றாள். என்ன ஏறுது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இன்னொரு வில்லை செய்து காட்ட முடியுமா?

முடியவில்லை.

அதே சாமான், அதே நிறை, அதே சூடு. வந்த வில்லைகள் எல்லாம் சாதாரணம். குளிர்காலத்தில் செய்தாள், சாதாரணம். டெல்லூரியத்தை மாற்றினாள், அரைக்கும் உரலை மாற்றினாள், சாதாரணம். கோடைப் புழுக்கத்தில் ஏதாவது மாறுமோ என்று பார்த்தாள், அவளுக்கு வேர்க்குருதான் வந்தது. கூடத்தில் மற்றவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஒன்று வந்திருக்கிறதே, வந்ததை வந்தது என்று எழுது, பொய்யில்லையே என்று. அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"ஒண்ணு வந்தா அது யோகம். ரெண்டு வந்தாத்தான் வேல" என்றாள் என்னிடம்.

துர்கா பூஜை விடுமுறைக்குள் இரண்டாவது வில்லை வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவது என்று அவளே முடிவு கட்டினாள். யாரும் அவளை நெருக்கவில்லை. அவள் தன்னை நெருக்கிக்கொண்டாள். நிற்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பாள், சூடான தரையில் நிற்பதுபோல. அன்றைக்கு என்ன வித்தியாசம், அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று குளியலறையிலிருந்துகூடக் குரல் வரும்.

அப்பா ஒரு நாள் பேப்பரைத் தாழ்த்தினார்.

"நீ ஊருக்குப் போனதுதாம்மா வித்தியாசம். இன்னொரு தடவ கல்யாணத்துக்குப் போய்ட்டு வா, தன்னால வரும்."

வீடே சிரித்தது. அவளும்தான். ஆனால் படுக்கும்போது மெதுவாகச் சொன்னாள், நான் கை வைக்காமல் இருந்தபோதுதான் அது நல்லா வந்திருக்கு என்று. காற்றாடியின் வேகத்தை ஒன்று கூட்டிவிட்டுப் படுத்தேன்.

பட்டம் விடும் நாள்

நம் ஊரில் ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் ஓய்வு நவராத்திரியின் கடைசியில். இங்கே அதற்கு முன்பே, பாத்ர மாதக் கடைசி நாளில், நம் ஆவணி முடிகிறபோது, விஸ்வகர்மா பூஜை. அன்றைக்குக் கல்கத்தாவில் சக்கரம் என்று எதுவும் மனமாரச் சுற்றாது. கிடர்பூரில் கிரேன்களுக்குக் குங்குமம், லாரிகளுக்கு வாழைக்கன்று, அச்சகங்களுக்குச் சாமந்தி. ரிக்‌ஷா ஸ்டாண்டுகளில் ஒலிபெருக்கி. வானம் பூராவும் பட்டம்.

மண் சிலையில் விஸ்வகர்மாவும் ஒரு கையில் பட்டம் பிடித்திருப்பார். உலகத்தைச் செய்து முடித்தவர் மீதி நேரத்தில் வேறு என்ன செய்வார்? நான் இந்த ஊரில் பிறந்தவன். சிறுவயதில் அப்பாவின் பாங்க் மாடியில் நூல் பிடித்திருக்கிறேன். இப்போதும் பூஜையன்று மத்தியானம் ஆபீஸில் பிரசாதக் கிச்சுடியை, அரிசியும் பருப்பும் குழைத்ததை, சாப்பிட்டுவிட்டு, நூல்சுற்றியைப் பையில் போட்டுக்கொண்டு நேராக நியூ டவுன் போய்விடுவேன். கோமதியின் கூடத்து மொட்டைமாடியில் காற்று ஏரிகளைத் தாண்டி வரும். அதற்கு ஈடு இல்லை.

அங்கே வருஷா வருஷம் ஒரு சண்டை உண்டு. ஷ்யாமல்தா, நம் பேச்சில் ஷ்யாமல் அண்ணன், அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன், தடித்த மீசை, மெல்லிய குரல். பூஜையன்று காலையில் கூடை நிறைய மாலைகளோடு கிளம்பி, ஒவ்வொரு கருவியாக அணைத்து மாலை போட்டுக்கொண்டு வருவார். கோமதியின் உலைக்கு வரும்போது அதில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அணைக்கக் கூடாது என்று, அவளுடைய கோணல் வங்காளி எழுத்தில். கட்டடம் முழுக்க உறங்கும், அது ஒன்று மட்டும் உறுமும். ஓடுகிற உலைக்கு மாலை போட்டுவிட்டு, தீதி, அதாவது அக்கா, என்று பெருமூச்சோடு போவார். உலைச் சூட்டில் மத்தியானத்துக்குள் அந்த மாலை கருகிச் சுருண்டு அப்பளம்போல ஆகிவிடும்.

அந்த வருஷம் நான் போனபோது சண்டை இன்னும் முடியவில்லை. காலையில் தொடங்க வேண்டியது, அவர் மற்ற மாடிகளை முடித்துவிட்டு வரத் தாமதம். உலைக்குள் கோமதியின் கடைசிக் குழாய் வெந்துகொண்டிருந்தது. அவள் உலைக்கு முன்னால் கையை விரித்து நின்றாள், பஸ்ஸை மறிக்கிறவள்போல. எல்லாம் வங்காளியில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, இந்த ஜீவனுக்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். இது கடைசி, இதை நிறுத்தினால் எல்லாம் போயிற்று என்றாள் அவள். பேச்சு வளர்ந்தது. நான் நூல்சுற்றியை வைத்துக்கொண்டு இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

"போன வருஷம்தான் பூஜை பூஜையா இருந்துச்சு, தீதி. மாலைகூட வாடல. சாயங்காலம் எடுக்கும்போது அப்படியே புதுசா இருந்துச்சு" என்றார் ஷ்யாமல்தா.

கோமதியின் விரித்த கை இறங்கவில்லை. முகம் மட்டும் மாறியது.

"எந்த மாலை?"

"இதுக்குப் போட்டதுதான்."

"ஏன் வாடல?"

"சூடு இருந்தாத்தானே வாடும்?"

அவர் அதை ஒளிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? விஸ்வகர்மா பூஜைக்கு எந்த மெஷின் ஓடும்? தீதி கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், சீட்டும் இல்லை. அவள் இல்லாததால் நானும் அந்த வருஷம் பட்டம் விடப் போகவில்லை. எல்லாவற்றையும்போல அதையும் ஷ்யாமல்தா காலையில் அணைத்தார், வெளிச்சூடு தணிந்ததும் மாலை போட்டார். மறுநாள் காலையில் வந்து போட்டார். அது தானாகப் பழைய சூட்டுக்கு ஏறிக்கொண்டது. கூடத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை, ஞாயிற்றுக்கிழமை தபால் வராததுபோல.

கோமதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பேச ஆரம்பித்தாள், வேகமாக, பாதி எனக்கும் பாதி சுவருக்கும். நாள் பூராவும் உலை தன் சுவர்ச்சூட்டிலேயே மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது. அவள் செய்கிறபோது நடுவில் ஆறுவதற்கு விடுவதே இல்லை. மெல்ல ஆறும்போது உள்ளே கரைந்திருந்தது துளித்துளியாகப் பிரிந்து அங்கங்கே தங்கியிருக்கலாம். மறுபடி சூடேறினபோது அதது தன் இடத்தில் நிலைத்திருக்கலாம். வெப்பம் வந்து முட்டிக்கொள்ள அத்தனை இடம்.

"கட போட்டிருக்குங்க. நாம யாரும் இல்லாத நேரத்துல அதுவா உள்ள கட போட்டிருக்கு."

சரிதானா என்று அவளுக்கே தெரியாது. ஒரு ஊகம்தான். ஆனால் அந்த ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிற பழக்கம் அந்த நிமிஷம் நின்றுவிட்டது. எழுந்து போய், அந்தச் சீட்டைத் தானே கிழித்தாள். சுவிட்சில் கை வைத்து, போன வருஷம் இப்படித்தானா, மெயினையா அணைத்தீர்கள் இதையா, கதவைத் திறந்தீர்களா மூடியா வைத்தீர்கள் என்று ஷ்யாமல்தாவைக் கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். வருஷக்கணக்கில் தோற்றுவந்தவருக்கு இந்த வெற்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பயந்துபோய், வேண்டாம் தீதி, ஓடட்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

அணைத்தாள்.

உறுமல் நின்றது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக எங்கோ ஒரு மாடியிலிருந்து பிள்ளைகள் போ-காட்டா என்று கூவினார்கள். ஒரு பட்டம் அறுந்தால் கூவுவது அது. ஷ்யாமல்தா கூடையிலிருந்து நல்ல மாலையாகப் பார்த்து எடுத்தார்.

பிறகு மூவரும் மாடிக்குப் போனோம். கோமதி நூல்சுற்றியைப் பிடித்தாள். எங்கள் பட்டம் சீக்கிரமே அறுந்தது, விமான நிலையத்துப் பக்கமாக மிதந்து போயிற்று. அறுபட்டதற்கு அவள்தான் எல்லோரையும்விட உரக்கக் கூவினாள்.

புள்ளிமேல் புள்ளி

மறுநாள் காலை உலையைப் போட்டார்கள். மீதி நாள்கள் வெந்தது. பொடி, அழுத்தம், வில்லை.

அளக்கிற நாளில் நான் லீவு போட்டேன். அப்பா தானும் வருவேன் என்றார். இஸ்திரி போட்ட சட்டை, விபூதி, குடை. வாடகைக் கார் டிரைவரிடம் வழி நெடுக, மருமகளுக்கு இன்றைக்கு ரிசல்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஏதோ பரீட்சை என்று நினைத்து அவரும், கவலைப்படாதீர்கள் தாத்தா, பாஸாகிவிடும் என்றார்.

வில்லையைக் கருவியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுவார்கள். ஒவ்வொரு சூட்டிலும் திரையில் ஒரு புள்ளி விழும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிடலாம். திரையில் முதல் வில்லையின் புள்ளிகள் ஏற்கனவே வெளிர்நீலத்தில் மலையேறி நின்றன. சாதாரண வில்லைகளின் புள்ளிகள் கீழே தரையோடு தரையாக, எறும்பு வரிசைபோல.

புதுப்புள்ளி சிவப்பு. முதல் சிவப்பு, நீலத்தின் மேல் விழுந்தது. ஆரம்பத்தில் எல்லாமே ஒன்றாகத்தான் இருக்கும் என்றாள் கோமதி, எங்களைப் பார்க்காமல். இரண்டாவதும் நீலத்தின்மேல். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எறும்பு வரிசை பிரிந்து கீழே போகிற இடம் வந்தது. டீ ஆறியது. ஷ்யாமல்தா ஏதோ பல்ப் மாற்ற வந்தவர்போல ஏணியோடு வந்து நின்றார், மாற்ற அங்கே பல்ப் எதுவும் இல்லை.

சிவப்பு, நீலத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். தெரிந்த வீட்டில் தெரிந்த நாற்காலியில் உட்காருவதுபோல.

"யம்மா, இது நல்லதா, கெட்டதா?" என்றார் அப்பா.

கோமதி விரலை நீட்டினாள்.

"ரெண்டு, மாமா."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். ஷ்யாமல்தாவிடம் வங்காளியில், நான் அன்றைக்கே சொன்னேன், இவள் ஊரில் இல்லாததுதான் காரணம் என்று, யாரும் கேட்கவில்லை என்றார். உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத் திரும்பும் வழியில் லேக் மார்க்கெட்டில் ஒரு பழைய தோசைக்கடை முன் காரை நிறுத்தச் சொல்லி கோமதி இறங்கிப் போனாள். வாழையிலையில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தாள். கார் பூராவும் அந்த வாசனை. அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பவில்லை.

"இது நெசமா, இல்ல டெல்லூரியமா?"

நிஜம் என்றாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். பூண்டு ஒவ்வொன்றும் பொன்னிறமாக வதங்கி, தோசையோடு ஒட்டியிருந்தது. அம்மாவின் படம் இருக்கிற சுவரை ஒருமுறை பார்த்தார். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா என்றார், யாரும் கேட்காமலே. பிறகு ஒரு விள்ளல்கூட மீதி வைக்காமல் சாப்பிட்டார்.

வாசலில்

இரண்டு போதும் என்று கோமதிக்கு இருந்திருக்கலாம். ஆனால் வேறு கைகள், வேறு கருவி அளக்க வேண்டும் என்றாள். தெற்கே ஒரு கூடத்தில் ஒப்புக்கொண்டார்கள். பூஜை விடுமுறை முடிந்ததும் இரண்டு வில்லைகளையும் பஞ்சில் பொதிந்து, சின்ன டப்பாவில் போட்டு, தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அங்கேயும் அதே எண்தான் வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரகசியத்தைப் பத்தியின் கடைசிவரை வைத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

ஆனால் விமான நிலைய வாசலில் நின்ற அந்தச் சாயங்காலம் அது எங்களுக்குத் தெரியாது. நியூ டவுனிலிருந்து ஒரே காரில் வந்திருந்தோம், நானும் அவளும் ஷ்யாமல்தாவும். அவருக்கு வீடு அங்கே பக்கத்தில், தம்தமில். மழை விட்டுப்போன காற்றில் எங்கோ ஒரு தெருவில் பூஜைப் பந்தலின் மூங்கில் அவிழ்க்கிற சத்தம். கோமதி கைப்பையைத் திறந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். என்னிடம், மாமாவுக்கு மாத்திரை, பால்காரர், மாடியில் காயும் துணி என்று சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னாள்.

உலையில் மூன்றாவது குழாய் இருந்தது. அதற்கு ஓய்வு நாள் மறுநாள். பூஜையும் இல்லை, பண்டிகையும் இல்லை, வெறும் வேலைநாள். அவள் ஷ்யாமல்தாவிடம் திரும்பினாள். காலையில் அணைக்க வேண்டும், அதற்கடுத்த நாள் காலையில் போட வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது என்று வங்காளியில் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் மீசையோடு தலையாட்டினார்.

அவள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தடுப்புக் கம்பி வரை ஓடினார்.

"தீதி, மாலையும் போடணுமா?"

கோமதி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"போடுங்க, ஷ்யாமல்தா. எதையும் மாத்த வேண்டாம்."